தலைக்கவசத்தில் முளைத்த கொம்பு

பெருநாள் காசும், வளைகுடாவிலிருந்து மாமா கொடுத்தனுப்பிய பணமும் சேர்ந்து, இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் தலையில் ஒரு கொம்பாக முளைத்திருக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் சிறு கேமராவைத் தலைக்கவசத்தின் உச்சியில் ஒட்டிக்கொண்டு, சுப்ஹு தொழுத கையோடு ஆற்றுப்படுகைக்கும் மலையடிவாரத்து மண்தடங்களுக்கும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுவிடுகிறார்கள். லுஹருக்குத் திரும்பியதும், வண்டியின் சேறு காய்வதற்கு முன்பே காணொளி இணையத்தில் ஏறிவிடுகிறது. உம்மாமார்களும் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்கிறார்கள். நமக்கு இதில் உடன்பாடில்லை.

கேமரா என்றாலே முகம் சுளிப்பவர்கள் அல்லர் நாம். கரடுமுரடான நிலத்தில் வண்டி ஓட்டுவது ஓர் அரிய பயிற்சி. கால்மிதியில் எழுந்து நின்று, முழங்கால்களால் பெட்ரோல் டேங்கைப் பற்றிக்கொண்டு, கைப்பிடியை இறுக்காமல் வண்டியைத் தன் போக்கில் நடனமாட விடுவதற்கு நிதானம் வேண்டும். அதைப் பதிவு செய்து பார்ப்பவன் தன் பிழையைத் தானே அறிந்துகொள்வான். நாம் எதிர்ப்பது அக்கருவியை மாட்டுகிற இடத்தையும், மாட்டிய பின் மனம் மாறிப்போகும் விதத்தையுமே.

தலைக்கவசம் ஏன் உருண்டையாகவும் வழவழப்பாகவும் செய்யப்படுகிறது? விழும்போது தரையிலும் கல்லிலும் எங்கும் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காகவே. அதன் மேல் கடினமான கட்டி ஒன்றை நிறுத்தினால், அது எதிலாவது சிக்கித் தலையைத் திருகும். அல்லது விழுந்த வேகம் முழுவதையும் ஒரே புள்ளியில் ஓட்டின் மீது அழுத்தும். இதை அறிய விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. தலைக்கவசத்தில் கேமரா பொருத்தி ஓட்டுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று கேரள மோட்டார் வாகனத் துறை 2022இல் அறிவித்தபோது நம் இளைஞர்கள் நகைத்தார்கள். மோதினால் கேமரா தானே உடைந்து விழுந்துவிடும் என்பது அவர்களுடைய வாதம்.

நம் ஊர்ப் பிள்ளை ஒருவனுக்கு அது உடைந்து விழவில்லை. ஓடைக்கரையில் தாழ்ந்திருந்த கருவேலங்கிளைக்கு அவன் குனிந்தான். தலை தப்பியது, கொம்பு தப்பவில்லை. பின்னோக்கி இழுபட்ட கழுத்தோடு விழுந்தவன், மூன்று வாரம் கழுத்துப்பட்டை கட்டி, படுத்தபடியே தொழுதான். அந்த ஒட்டுப்பசை ஒருநாளும் விடாது என்று கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்திருந்தாராம். உத்தரவாதம் பொய்க்கவில்லை. பசை விட்டிருந்தால் கேமராவோடு போயிருக்கும்.

அந்தப் புகழ்பெற்ற கோப்ரோ நிறுவனத்தை 2002இல் தொடங்கிய நிக் வுட்மன், அலைச்சறுக்கு விளையாடுபவர். 2004இல் வந்த அவர்களுடைய முதல் கேமரா மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. கையில் தொடங்கியது எப்படியோ தலைக்கு ஏறிவிட்டது. மார்பில் பட்டை கட்டி மாட்டினால் கைகளும் கைப்பிடியும் முன்னிருக்கும் தடமும் சேர்ந்து தெரியும்; ஆனால் குப்புற விழுந்தால் நெஞ்சில் குத்தும் என்பதையும் மறைக்க மாட்டோம், உள்ளே மார்புக்கவசம் அணிந்தே ஆகவேண்டும். கைப்பிடியில் மாட்டினால் இயந்திரத்தின் அதிர்வில் படம் கூழாக ஆடும். அங்கே கைப்பேசியைப் பொருத்துவோருக்கு ஒரு செய்தி: மோட்டார் சைக்கிளின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. உண்மையிலேயே கற்றுக்கொள்ள விரும்புபவன் கேமராவை உடம்பில் மாட்டவே வேண்டியதில்லை. பாறை மேல் வைக்கலாம், நண்பனிடம் கொடுக்கலாம். தன் முதுகு வளைவதையும் முழங்கை தாழ்வதையும் தன் தலையிலிருந்து எவன் பார்க்க முடியும்? ஆனால் நண்பன் எடுத்த படத்தில் 'நான்' சிறிதாகத் தெரிகிறேனே! குறை அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு சூழ்ச்சியும் அந்தக் கண்ணாடிக்குள் உண்டு. அகன்ற கோணத்தில் படமெடுக்கும் வில்லை, செங்குத்தான சரிவையும் சமதரை போலக் காட்டும். குலுக்கலை நீக்கும் நுட்பம், எலும்பு அதிர ஓடிய பாதையைத் தார்ச்சாலை போல ஆக்கிவிடும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியவன் வீட்டில் படத்தைப் பார்த்து ஏமாந்து போகிறான். அடுத்த வாரம் இன்னும் செங்குத்தான சரிவைத் தேடுகிறான். கருவி சொன்ன பொய்யை ஈடுகட்ட உடம்பு விலை கொடுக்கிறது. பெற்றோர்களே, முகஸ்துதியைப் பற்றி ஜும்ஆ மேடையில் கேட்டுத் தலையசைத்துவிட்டு, மறுநாள் அதற்கான கருவியைத் தவணையில் வாங்கிக் கொடுக்கிறோமே, இது என்ன முறை?

இவையெல்லாம் ஓட்டுபவனின் உடம்போடும் உள்ளத்தோடும் முடிந்துவிடும். முடியாத ஒன்றும் உண்டு. பாதையே இல்லாத இடம் என்று நாம் சொல்லும் அந்த இடம், அங்கே விறகு சுமப்பவர்களுக்குப் பாதை. ஆடு மேய்ப்பவர்களுக்குத் தொழிலிடம். ஓடையில் துவைத்துக் குளிக்கும் பெண்களுக்கு வீட்டின் பின்கட்டு. (சரணாலயக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம், அதைத் தானே படமெடுத்து ஊருக்குக் காட்டும் புத்திசாலித்தனத்தைப் பற்றி என்ன சொல்வது!) மேலே நாம் சொன்ன பிள்ளை வெளியிட்ட காணொளியில், விழுவதற்குச் சற்று முன், வளைவைத் திரும்பியதும் படித்துறை வருகிறது. வண்டிச் சத்தத்தில் திடுக்கிட்டு ஒரு பெண் ஈரத்துணியை இழுத்துத் தோளை மூடுகிறார். நான்கே விநாடிகள். அதன் மேல் இசையும் ஓடுகிறது.

நம் வீட்டு வாசலில் திரை தொங்குகிறது. நம் திருமணத்தில் பெண்கள் பகுதிப் பக்கம் யாராவது கைப்பேசியைத் தூக்கினால் மண்டபமே எழுந்து நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கு எழுந்து நிற்க யார் இருந்தார்? அவர் வேறு ஊர், வேறு சமயம், ஏழை என்பதால் அவருடைய மானம் நமக்கு அமானிதம் இல்லை என்றாகிவிடுமா? வெட்டி நீக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. பார்த்த பெரியவர்களில் எவரும் சொல்லவுமில்லை. கிளையையும் விழுந்ததையுமே பேசினார்கள்.

நாம் நேரில் சென்று கேட்டோம். "முகம் தெளிவாகத் தெரியலையே காக்கா" என்றான். அவனுடைய தங்கை கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தான், பிறகு கைப்பேசியை எடுத்தான். அன்று மாலையே காணொளி நீக்கப்பட்டது. அதற்குள் அதைப் பதிவிறக்கிப் பகிர்ந்தவர்கள் யார் யார் என்று அவனுக்கும் தெரியாது.