உருளைக்கிழங்குச் சண்டையும் 27 ஆண்டு இல்லறமும்

கணவனும் மனைவியும் விடுமுறை முடிந்து ஊர் திரும்ப விமான நிலையத்தில் காத்திருக்கிறார்கள். திடீரென்று இருவருக்கும் வாக்குவாதம். எதற்காக? சொத்துக்காகவா? மாமியாருக்காகவா? இன்னொரு பெண்ணுக்காகவா? எதுவுமில்லை. தோலோடு சுட்ட ஓர் உருளைக்கிழங்குக்காக!

2022 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘மேரேஜ்’ (திருமணம்) என்ற நாடகம் இப்படித்தான் தொடங்குகிறது. மொத்தம் நான்கே பகுதிகள். எழுதி இயக்கியவர் ஸ்டெஃபான் கோலஸெவ்ஸ்கி. கணவர் இயானாக ஷான் பீன், மனைவி எம்மாவாக நிகோலா வாக்கர். திரைப்படங்களில் வாளேந்தி நின்ற ஷான் பீனை இங்கே வேலை இழந்து வீட்டைச் சுற்றிவரும் நடுத்தர வயது மனிதராகப் பார்க்கிறோம்.

திருமணமாகி 27 ஆண்டுகள் ஆன தம்பதியின் அன்றாடம்தான் கதை. கொலை இல்லை. கடத்தல் இல்லை. தேநீர் போடுகிறார்கள், பாத்திரம் அடுக்குகிறார்கள், பாதி வாக்கியம் பேசி நிறுத்துகிறார்கள். சில நேரம் எதுவுமே பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்தவர்களில் பலருக்குக் கோபம் வந்தது. ‘ஒன்றுமே நடக்கவில்லையே, இது நாடகமா?’ என்று கேட்டார்கள். விமர்சகர்களில் பலரோ பாராட்டினார்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை என்பது உண்மையா?

பேசாத பேச்சு

இயானின் வேலை ஆட்குறைப்பில் போய்விட்டது. தாயையும் இழந்திருக்கிறார். காலையில் மனைவி அலுவலகம் கிளம்புகிறார், இவர் வீட்டில் இருக்கிறார். பேச்சுத்துணை தேடி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார். அங்கே வேலை செய்யும் இளம்பெண்ணிடம் இவர் காட்டும் வெள்ளந்தியான நட்பும் சங்கடமாகவே முடிகிறது. மனைவியின் மேலதிகாரி வயதில் சிறியவர், மிடுக்கானவர். அவர் பெயரை எம்மா சொல்லும்போதெல்லாம் இயானின் முகம் சுருங்குகிறது. ஆனால் வாய் திறந்து கேட்பதில்லை.

தத்தெடுத்து வளர்த்த மகள் ஜெசிகா வீட்டுக்கு வருகிறாள். கூடவே அவளுடைய காதலன். அவன் குரல் உயர்த்துவதில்லை. ஆனால் அவள் என்ன பேச வேண்டும், எதற்குச் சிரிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவனே தீர்மானிக்கிறான். எம்மாவின் முதிய தந்தை தனிமையின் கசப்பையெல்லாம் மகள் மீது கொட்டுகிறார். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு துயரம். இந்தத் தம்பதி ஒரு பச்சைக் குழந்தையைப் பறிகொடுத்தவர்கள். அந்தக் கல்லறைக்கு இருவரும் சேர்ந்து போகிறார்கள்.

வேலையிழப்பு, மரணம், சந்தேகம், மகளைப் பற்றிய கவலை! ஒன்றுமே நடக்காத வீட்டில் இவ்வளவும் நடக்கிறது. உருளைக்கிழங்கில் தொடங்கிய சண்டை உருளைக்கிழங்குக்கானது அல்ல என்பது மெல்ல மெல்ல விளங்குகிறது. சொல்ல முடியாத பெரிய வலிகளெல்லாம் சொல்ல முடிகிற சின்ன விஷயத்தின் மீது ஏறிக்கொள்கின்றன. குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று கத்துகிற எத்தனை பேருக்கு, கோபம் உண்மையில் உப்பின் மீதா?

இரைச்சலுக்கு யார் பொறுப்பு?

இப்படியொரு நாடகத்தை பி.பி.சி.யால் எப்படி எடுக்க முடிந்தது? கணக்குத் தெரிந்தவர்களுக்குப் பதில் எளிது. உள்நாட்டில் பி.பி.சி. விளம்பரம் போடுவதில்லை. 2022-இல் வண்ணத் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 159 பவுண்டு. மக்கள் நேரடியாகப் பணம் கட்டுகிறார்கள். எனவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவரை அதிர வைத்து, விளம்பரம் முடியும் வரை பிடித்து வைக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

நம் சின்னத்திரையின் கணக்கு வேறு. 1993-இல் சன் தொலைக்காட்சி வந்தது. 1999-இல் தொடங்கிய ‘சித்தி’ போன்ற நெடுந்தொடர்கள் மாலை நேரத்து வீட்டையே மாற்றி அமைத்தன. விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு கன்னத்தில் அறை விழ வேண்டும், அல்லது ஒரு ரகசியம் உடைய வேண்டும். அந்த இடைவேளையை விலை கொடுத்து வாங்குவது யார்? துணிக்கடைக்காரர், நகைக்கடைக்காரர், மசாலாப் பொடிக்காரர்! இரைச்சலைப் பழிக்கிற வணிகப் பெருமக்கள், அந்த இரைச்சலின் வாடகையை யார் கட்டுகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

சட்டம் திறந்த கதவு

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிய மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரல் 6 அன்று. அதற்குமுன், பிரிந்து வாழ்ந்து ஆண்டுகளைக் கழிக்காமல் உடனே மணவிலக்குக் கேட்பவர் மற்றவர் மீது குற்றம் சுமத்தியாக வேண்டும். இப்போது அது தேவையில்லை. விண்ணப்பித்துச் சுமார் ஆறு மாதத்தில் முடித்துக்கொள்ளலாம். கதவு அகலத் திறந்து நான்கே மாதத்தில், வெளியே போகாத ஒரு தம்பதியின் கதை வருகிறது!

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு மூத்த சகோதரன் உண்டு. 1973-இல் ஸ்வீடன் தொலைக்காட்சிக்காக இங்மார் பெர்க்மன் எடுத்த ‘ஒரு திருமண வாழ்வின் காட்சிகள்’. ஆறு பகுதிகள். அதில் வரும் மனைவி மரியான் குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். ஊரார் விவாகரத்தை நடத்திக் கொடுப்பவருக்குத் தன் வீட்டுச் சுவரில் விழுந்த விரிசல் தெரியவில்லை. ஒருநாள் கணவர் யோஹான் வந்து, ‘நான் வேறொருத்தியோடு போகிறேன்’ என்கிறார். அதிர்ச்சியிலும் அவருக்குத் துணிமணி அடுக்கிக் கொடுக்கிறாள் அந்த மனைவி! இந்த நாடகத்தால்தான் ஸ்வீடனில் மணவிலக்குப் பெருகியது என்று பலர் பழி போட்டார்கள். ஆனால் 1974-இல் அங்கே மணவிலக்குச் சட்டமே எளிதாக்கப்பட்டது என்பதைச் சொல்ல மறந்தார்கள். வீடு உடைவதற்குக் காரணம் தேடும்போது பெட்டியைக் கைகாட்டுவது எப்போதுமே சுலபம்.

சட்டம் கதவைத் திறக்கும், மூடும். உள்ளே இருப்பவர்களைச் சேர்த்து வைப்பது சட்டமல்ல. பிறகு எது? அந்தக் கேள்விக்குத்தான் கோலஸெவ்ஸ்கி நான்கு பகுதிகளைச் செலவிடுகிறார்.

மௌனம் இரண்டு வகை

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘பார்த்தீர்களா, பொறுத்துப் போனால் குடும்பம் நிலைக்கும்’ என்று சொல்லி இந்த நாடகத்தை யாரும் பெண்களுக்கு உபதேசமாக்கிவிடக் கூடாது. மௌனத்தில் இரண்டு வகை உண்டு. 27 ஆண்டு பழகியதால் சொல்லாமலே புரிந்துகொள்ளும் மௌனம் ஒன்று. பேசினால் என்ன ஆகுமோ என்று அஞ்சி நடுங்கும் மௌனம் மற்றொன்று. ஜெசிகாவின் மௌனம் இரண்டாவது வகை. தாயையும் மகளையும் ஒரே வீட்டில் நிறுத்தி இந்த வேறுபாட்டை நாடகம் காட்டுகிறது. முதலாவது இல்லறம். இரண்டாவது சிறை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் ஆபத்து!

இயானின் மௌனமும் பாராட்டத்தக்கது அல்ல. வேலை போன அவமானத்தை விழுங்கிக்கொண்டு, அதைச் சந்தேகமாகவும் எரிச்சலாகவும் திருப்பித் தருகிறார். சம்பாதிப்பதே ஆண்மை என்று நம்பி வளர்ந்தவனுக்குச் சம்பாத்தியம் நின்றதும், தான் யார் என்பதே தெரியாமல் போகிறது. கடை நொடித்ததை மனைவிக்குச் சொல்லாமல் மாதக்கணக்கில் நடிக்கும் வியாபாரிகள் நம்மிடையே இல்லையா? வட்டிக்கடைக்காரன் வாசலில் வந்து நிற்கும்போதுதான் வீட்டுக்கு விஷயமே தெரிகிறது. அந்த மௌனம் யாரைக் காப்பாற்றியது?

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நிக்காஹ் நாளுக்காக மாதக்கணக்கில் தயாராகிறோம். மண்டபம், பத்திரிகை, வலிமா விருந்து என்று ஓடுகிறோம். அடுத்த 27 ஆண்டுகளுக்கு என்ன தயாரிப்பு? திரைப்படம் தாலி கட்டியதும் முடிந்துவிடுகிறது. வாழ்க்கையோ அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பகுதியை எடுத்துக்காட்ட யாருக்கும் பொறுமையில்லை. இந்த நாடகத்துக்கு இருந்தது. அதுவே அதன் சிறப்பு.

இரவு பத்து மணிக்குக் கடையை இழுத்து மூடிவிட்டு வீடு திரும்புகிறோம். சோறு போட்டு வைத்துவிட்டு ஒருவர் காத்திருக்கிறார். ‘சாப்பிட்டாயா?’ என்று நாம் அவரைக் கேட்டு எத்தனை நாளாகிறது? ‘இன்றைக்குக் கடையில் யாவாரம் சரியில்லை’ என்று மனம்விட்டுச் சொல்லி எத்தனை நாளாகிறது? பெட்டியை ஒரு பத்து நிமிடம் நிறுத்திவிட்டுப் பேசிப் பார்ப்போமா?

சிந்திப்போம்!