சிமென்டுக்கு உத்தரவு போட்டது யார்?

சித்திரை வந்தால் நம் வயதுக்காரர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே புலம்பல்தான். காலையில் கடற்கரையில் நடக்கும்போதும் கேட்கிறேன், வங்கி வரிசையில் நிற்கும்போதும் கேட்கிறேன். "பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்திருக்கிறார்கள். கைப்பேசியை விட்டுத் தலை நிமிர மாட்டேன் என்கிறார்கள்." அடுத்த பேச்சு சிட்டுக்குருவி. "அந்தக் காலத்தில் எத்தனை குருவி! எல்லாம் செல்போன் கோபுரம் செய்த வேலை." இரண்டு குற்றத்துக்கும் ஒரே குற்றவாளி கிடைத்துவிட்டான். இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தே காலம் கழித்தவன் நான். ஏதாவது கெட்டுப்போனால், உத்தரவில் யார் கையெழுத்து இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். தோட்டத்துப் பக்கம் முழுக்கச் சிமென்ட் போடச் சொன்னது எட்டு வயதுப் பையனா? வேப்பமரத்தை வெட்ட ஆள் கூப்பிட்டது செல்போன் கோபுரமா? வீட்டுக்காரர்தான். பெரும்பாலும் நம் வயதுக்காரர்.

குருவியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாடெங்கும் பறவை பார்ப்பவர்கள் சேர்த்த கணக்கை வைத்து 2020-இல் ஓர் அறிக்கை வந்தது. கடந்த 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவி நாடு முழுவதும் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று அது சொல்கிறது. கோபுரக் கதிர்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பூச்சி குறைந்ததும், கூடு கட்ட இடம் இல்லாமல் போனதும்தான் காரணமாக இருக்கும் என்று அறிந்தவர்கள் கருதுகிறார்கள்.

தானியம் தின்னும் குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியையும் புழுவையும்தான் பிடித்துக் கொடுக்கும். மார்ச் 20 சிட்டுக்குருவி தினத்தன்று மரப்பெட்டி வாங்கிச் சுவரில் மாட்டுகிறோம், கம்பு தூவுகிறோம். நல்லதுதான். ஆனால் கீழே பத்தடி தூரத்துக்கும் சிமென்ட் என்றால் அந்தத் தாய்க்குருவி புழுவுக்கு எங்கே போகும்? கிணறு இல்லாத, கடை இல்லாத ஊரில் மனைப்பட்டா கொடுத்தது போலத்தான் அந்தப் பெட்டி.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் திண்ணை, தாழ்வாரம், முற்றம் தாண்டிப் பின்னால் ஒரு துண்டு மண் இருக்கும். கிணறு, முருங்கை, வாழை, கறிவேப்பிலை, முடிந்தால் ஒரு வேம்பு. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே பாடப்புத்தகத்தில் ரொசிஞோல் பாடும், பிரெந்தானில் பூ பூக்கும். அந்தப் பறவையும் நம் வீட்டுக்கு வந்ததில்லை, அந்த வசந்தமும் வந்ததில்லை. தவிட்டுக்குருவி, தேன்சிட்டு, கரிச்சான் என்ற பெயர்களை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டே ஆயா சொன்னவை அவை. ஒரு குழந்தைக்குத் தன் ஊர் தெரிவது இப்படித்தான்.

இன்றும் தெரியும். என் பேரனும் பேத்தியும் சென்னை அடுக்குமாடியில் வளர்கிறவர்கள். எங்கள் வீட்டுப் பின்புறம் பத்தடிக்குப் பன்னிரண்டடி மண்ணை விட்டுவைத்திருக்கிறோம். காலை ஆறு மணிக்குக் காற்று இன்னும் சூடேறாத நேரத்தில், காபியோடு எல்லோரும் பின்வாசல் படியில் உட்காருவோம். ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைப் புரட்டும். குயில் வந்தால் காகம் ஏன் துரத்துகிறது என்று பேத்தி கேட்பாள். காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடுகிற கதையை அவள் பாட்டி சொல்வாள். தேன்சிட்டு துணி உலர்த்தும் கொடியோரம் நாரும் சிலந்தி நூலும் சேர்த்துத் தொங்கவிட்ட கூட்டைப் பார்க்கப் பேரன் மூச்சடக்கி நிற்பான். எட்டு மணி வரை கைப்பேசி எங்கே கிடக்கிறது என்று ஒருவரும் தேடுவதில்லை. யாரும் பறிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இதற்குக் கோடைக்காலப் பயிற்சி முகாம் என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டாம்.

மறுப்புச் சொல்பவர்களிடம் நான்கு காரணங்கள் தயாராக இருக்கின்றன. முதலாவது, குப்பை. சருகு குப்பையில்லை. ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டால் அதுவே எருவாகும், தவிட்டுக்குருவிக்குச் சாப்பாடும் ஆகும். இரண்டாவது, கொசு. டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில், மூடாத தொட்டியில், பழைய டயரில், பூந்தொட்டித் தட்டில்தான் முட்டையிடுகிறது. மழைநீரை உறிஞ்சும் மண்ணில் அதற்கு வேலையில்லை. மூன்றாவது, பாம்பு. பாம்பு எலியைத் தேடி வரும், எலி எச்சில் இலையையும் அடைசலையும் தேடி வரும். அதைச் சுத்தம் செய்யாமல் மண்ணைப் பழிப்பது நியாயமில்லை. நான்காவது, புயல். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' அடித்ததை நானும் மறக்கவில்லை. விழுந்த மரங்களைக் கண்ணால் பார்த்தவன்தான். விழுந்த இடத்தில் இன்னொன்று வைத்திருந்தால் இன்று பன்னிரண்டு வயதைத் தாண்டிய மரம் நின்றிருக்கும். பல வீடுகளில் அந்த இடத்தில் கார் நிற்கிறது. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூவைப் பொட்டலத்தில் வாங்குகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர் குடிப்பது நிலத்தடி நீர். கடலோர ஊரில் அது குறைந்தால் உப்பு நீர் உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையைச் சிமென்ட் வாங்கித் தெருச் சாக்கடையில் விடுகிறது. மண் வாங்கிக் கிணற்றுக்குக் கொடுக்கிறது.

"இத்தனை சிமென்டிலும் மைனா இருக்கிறதே" என்றார் ஒரு நண்பர். இருக்கும். மைனா நம் ஊரின் மகாராசி. 1766-இல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது சொந்த ஊர் பிலிப்பைன்ஸ் என்று பதிந்துவிட்டார். பிற்பாடு அதைப் புதுச்சேரி என்று திருத்தினார்கள். எத்தா சிவில் பதிவேட்டில் ஊர் திருத்துவது எவ்வளவு பாடு என்று நம் ஆட்களுக்குத் தெரியும். மைனாவுக்கு அது கிடைத்திருக்கிறது. பிரெஞ்சில் அதற்கு 'மர்த்தேன் திரிஸ்த்', சோகமான மர்த்தேன் என்று பெயர். சோகத்தை நான் பார்த்ததில்லை. மைனாவும் காகமும் புறாவும் எங்கும் பிழைக்கும். இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டுக்குச் செடி வேண்டும். காய்ந்த கிளையில் பொந்து குடையும் குக்குறுவானுக்கு மரம் வேண்டும். அவை போன பிறகு மூன்று பறவைகளை மட்டும் காட்டிப் பேரப்பிள்ளைக்கு என்ன கதை சொல்வது?

ஆகவே பிள்ளைகளைத் திட்டுவதை இந்தக் கோடைக்கு நிறுத்திவைப்போம். பின்புறத்தில் பத்தடிக்குப் பத்தடி சிமென்டை உடைத்து எடுக்க ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. அதில் ஒரு முருங்கைக் கிளையும் ஒரு செம்பருத்தியும் நடுங்கள். மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். கூடு கட்டும் இந்த மாதங்களில் கிளை கழிக்க ஆள் விடாதீர்கள். தண்ணீர் மாற்றும் வேலையைப் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். சட்டிக்கு முதலில் வருவது காகமாகத்தான் இருக்கும். பொறுத்திருங்கள், மற்றவை பின்னால் வரும்.