மவுண்டிங் ரப்பரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

தங்கை பேரன் ஒரு பழைய ஃபார்கோ லாரி வாங்கியிருக்கிறான். "டீசல் இன்ஜின் மாத்தப் போறேன் தாத்தா" என்றான். மவுண்டிங்குக்கு எவ்வளவு ஒதுக்கினாய் என்றேன். "ஆங்கிள் வெச்சு வெல்டிங் பண்ணிடலாம்." எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எழுபதுகளில் அக்காள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, ஃபார்கோ ஓட்டினார். பெட்ரோல் கட்டுப்படியாகாமல், அப்போது பலரும் செய்தபடி, பழைய பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினை ஏற்றினார். கணக்கு எழுதியவன் நான். ரப்பர் மவுண்டிங் தண்டச் செலவென்று அடித்தவனும் நான்தான். இன்ஜின் கால்களை நேராகச் சேஸிஸோடு முடுக்கினார்கள். மூன்றே மாதத்தில் ஒரு கால் விரிசல் விட்டு, இன்ஜின் சாய்ந்து, ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்தது. மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த ரப்பருக்குப் பிரெஞ்சில் 'சிலான்பிளாக்' என்று பெயர். சத்தத்தை அடக்க மட்டும் என்று பெயர் ஏமாற்றும். மேடுபள்ளத்தில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். இடையில் ரப்பர் இல்லாவிட்டால் அந்த முறுக்கை இன்ஜின் கால்கள்தான் தாங்கவேண்டும். டீசலுக்கு உதறலும் எடையும் வேறு அதிகம். அதற்காக மெத்தென்ற ரப்பரும் ஆகாது. இன்ஜின் ஆடி ஃபேன் இடிக்கும். ரப்பர் வழியே மின்சாரம் போகாது, ஆகவே இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் தடித்த எர்த் வயர் தனியாக வேண்டும். ப்ரொப்பெல்லர் ஷாப்ட் சாய்வைப் பார்த்த பிறகே பிராக்கெட்டை வெல்டிங் வைக்கவேண்டும்.

பெயிண்டுக்கு ஒதுக்கியதில் பாதி போதும் இதற்கு. அவன் யோசித்தான். ரப்பருக்கு நான் தருகிறேன் என்றேன், வாங்கிக்கொண்டான்.