குளிர் யந்திரமும் குடித்தனச் செலவும்

வீடுகளில் வைக்கப்படும் குளிர்சாதன யந்திரங்கள் 20 டிகிரிக்குக் கீழே இறங்காமலும் 28 டிகிரிக்கு மேலே ஏறாமலும் இருக்கும்படி விதி ஏற்படுத்தப் போவதாக 2025 ஜூனில் மத்திய மின்சார மந்திரி ஸ்ரீ மனோகர் லால் கட்டார் தெரிவித்தார். மின்சாரத்தைச் சிக்கனமாய்ச் செலவிட வேண்டுமென்பதில் நமக்கு ஆட்சேபணை யாதுமில்லை. ஆனால், தேசத்துக் குடும்பங்களில் நூற்றுக்குச் சுமார் எட்டிலேயே இந்த யந்திரம் இருக்கிறதென்று 2019ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட குளிர்விப்புத் திட்ட அறிக்கையே கூறிற்று. அது இல்லாத குடும்பங்களுக்கு எத்தனை டிகிரியில் வைப்பது என்பது பிரச்னையல்ல. அதை வாங்கி, சுவரில் மாட்டி, கோடை முழுதும் ஓட்டக் கையில் பணம் உண்டா என்பதே பிரச்னை. இவ்விஷயத்தைத் தேனி ஜில்லாவையும் கம்பம் பள்ளத்தாக்கையும் முன்னிட்டுச் சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

மலையடிவாரத்து ஊர்களுக்குக் குளிர் யந்திரம் எதற்கு என்று சென்னையிலுள்ளவர்கள் கேட்கக்கூடும். குமுளிக்கும் மேகமலைக்கும் உல்லாசமாகப் போகிற வழியில் வண்டியை நிறுத்திக் காப்பி சாப்பிட்டுச் செல்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆடிக் காற்று வீசும் காலத்தில் அந்த எண்ணம் ஓரளவு பொருந்தவும் பொருந்தும். பங்குனி, சித்திரை மாதங்களில் கம்பத்திலோ சின்னமனூரிலோ காங்கிரீட் தளத்தின் கீழ் ஓர் இரவு படுத்துப் பார்த்தவர்கள் அவ்வாறு பேசமாட்டார்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இரவெல்லாம் அதை அறைக்குள் கக்குகிறது. இப்பள்ளத்தாக்கின் ஆண்களும் பெண்களும் விடியுமுன் எழுந்து ஜீப்புகளில் ஏறி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஜில்லாவின் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். இரவில் கண்மூடாதவர் மறுநாள் சரிவிலே நின்று என்ன வேலை செய்வார்? தமிழ்நாடு சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ. 4 லட்சம் நிவாரணம் என்று உத்தரவிட்டது. வெயில் உயிரைக் கொல்லும் என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட பிறகு, அதிலிருந்து தப்புவிக்கும் சாதனத்தைச் சீமான்களின் ஆடம்பரமாகப் பாவிப்பது எந்த நியாயம்?

டில்லி நெடுநாள் அப்படித்தான் பாவித்தது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தது முதல் இந்த யந்திரத்தின் மீது நூற்றுக்கு 28 வீதம் வரி வாங்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது. வரி நீங்கலாக ரூ. 30,000 மதிப்புள்ள யந்திரத்தில் முன்னர் ரூ. 8,400 வரி, குறைப்புக்குப் பின் ரூ. 5,400. மூவாயிரம் மிச்சம் என்பது கூலிக் குடும்பத்துக்குச் சிறு தொகையன்று, அதை வரவேற்கிறோம். ஆயினும் மேல்நாட்டில் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இதே தத்துவத்தில் இயங்கும் யந்திரத்தைத் திருப்பி ஓட்டி, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொணர்ந்து, பிரிட்டிஷார் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். வெப்பப் பம்பு என்று அதற்குப் பெயர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை வைத்துக் கொள்பவருக்கு 2023 அக்டோபர் முதல் 7,500 பவுன் மானியம் தரப்படலாயிற்று. மாட்டித் தரும் வேலைக்கும் 2022 ஏப்ரல் முதல் 2027 மார்ச் முடிய மதிப்புக் கூட்டு வரி இல்லையென்று விதித்தார்கள். எரிவாயுவைக் குறைப்பதே அவர்கள் நோக்கம் என்பதை அறிவோம். எனினும் குளிருக்கு அஞ்சும் குடியானவருக்கு அங்கே மானியமும், வெயிலுக்கு அஞ்சும் குடியானவருக்கு இங்கே வரியும் என்றிருப்பதை எண்ணாமலிருக்க முடியவில்லை.

கடையில் சொல்லும் விலையோடு செலவு தீர்ந்ததென்று நம்பி ஏமாறுகிறவர் அநேகர். பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகே இரண்டாவது கணக்கு தொடங்குகிறது. யந்திரத்தின் உட்பாகம் அறையிலும், வெளிப்பெட்டி மாடியிலோ பக்கச் சுவரிலோ இருக்கும். இரண்டையும் இணைக்கும் செப்புக் குழாய் குறித்த அளவுக்கு மேல் போனால் மீட்டருக்கு இவ்வளவு என்று தனிப் பணம். வெளிப்பெட்டிக்கு இரும்புத் தாங்கி, சுவரில் துளை போடக் கூலி, தண்ணீர் வடியக் குழாய், மின்சாரம் ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். பழைய வீடாயின் மின் கம்பிகள் இந்தப் பளுவைத் தாங்கா. தனி ஒயரும் தனி ஸ்விட்சும் ஒழுங்கான எர்த்தும் போட வேண்டும். இதில் மிச்சம் பிடிப்பது உயிருக்கே அபாயம். பட்டாசாலையும் பின்கட்டுமாக ஒட்டி ஒட்டி நிற்கும் நமது ஊர்களின் நீண்ட வீடுகளில் குழாயின் நீளம் கூடிக்கொண்டே போகும்.

சட்டம் இவ்விடத்தில் வாய் மூடி நிற்கிறது. 2011ம் வருஷத்து விதிகளின்படி பொட்டலத்தின் மீது எல்லா வரிகளும் உட்பட உச்ச விற்பனை விலையை அச்சிட வேண்டும். 2001ம் வருஷத்து மின் சிக்கனச் சட்டத்தின் கீழ் நட்சத்திர முத்திரையும், வருஷத்துக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்ற எண்ணும் ஒட்டப்பட வேண்டும். மாட்டும் செலவு எவ்வளவு என்று எழுத வேண்டுமென்று மட்டும் எந்த விதியும் கேட்கவில்லை. யந்திரம் சுவரில் ஏறாமல் குளிர் தராது. அப்படியிருக்க, மாட்டும் செலவை விலையிலிருந்து பிரித்து மறைப்பது வாங்குபவரைப் பாதி இருளில் வைப்பதாகும்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு மின்சார வாரியத்தின் சீட்டில் வருவது. 2022 செப்டம்பரில் ஏற்பட்ட விகிதப்படி, இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500க்குள் நிற்பவருக்கு அடுத்த நூறு யூனிட் ரூ. 2.25 வீதமும், 400 வரை ரூ. 4.50 வீதமும், 500 வரை ரூ. 6 வீதமும் விதிக்கப்பட்டது. சரியாக 500 யூனிட் செலவழித்தவர் ரூ. 1,725 கட்டினார். ஒரே ஒரு யூனிட் தாண்டி 501 ஆனால், இரண்டாவது நூறுக்கு உண்டான சலுகை பறிபோய், கட்ட வேண்டியது ரூ. 1,958 ஆயிற்று. ஒரு யூனிட்டின் விலை ரூ. 233! 2024 ஜூலையில் விகிதங்கள் மறுபடி உயர்ந்தனவேயன்றி, இந்தப் படியை யாரும் தொடவில்லை.

இரண்டு மாதத்தில் 300 யூனிட் செலவழித்து ரூ. 675 கட்டி வந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல நட்சத்திர யந்திரம் வாங்கி, இரவுக்கு 5 யூனிட் வீதம் 60 இரவு ஓட்டினால் மொத்தம் 600 யூனிட். அந்த 2022 விகிதப்படி சீட்டு ரூ. 2,750. விலை குறைவென்று மட்டமான யந்திரம் வாங்கி அது இரவுக்கு 8 யூனிட் தின்றால் மொத்தம் 780, சீட்டு ரூ. 4,370. இரண்டே மாதத்தில் வித்தியாசம் ரூ. 1,620. சில கோடைகளிலேயே மலிவு யந்திரம் தன் மலிவைத் தின்று தீர்த்து, மேலும் கேட்கும். கையில் முழுப் பணமில்லாத ஏழை மலிவானதையே தவணையில் வாங்குகிறான். ஆகவே அதே குளிருக்குப் பணக்காரனைவிட அதிகம் கொடுக்கிறவன் அவனே. தவணை வட்டியை நாம் இதில் சேர்க்கவேயில்லை.

இந்த விபரீதம் நிகழுமிடம் எது? பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி லோயர் கேம்ப்பில் மின்சாரம் தரும் பள்ளத்தாக்கு இது. சுருளியாற்றிலும் மின் நிலையம் உண்டு. ஆண்டிப்பட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. உற்பத்தியான ஊருக்கே தனிச் சலுகை வேண்டுமென்று நாம் வாதிக்கவில்லை. மின்சாரம் மாகாணம் முழுமைக்கும் பொது. அதன் விலைப்படியில் ஏழை இடறி விழக்கூடாதென்பதே நமது வாதம்.

சுதேசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாயு நிரப்பிய யந்திரங்களின் இறக்குமதியை 2020 அக்டோபரில் தடுத்தார்கள். 2021ல் உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கத் தொகையாக, விளக்குகளையும் சேர்த்து, ரூ. 6,238 கோடி ஒதுக்கினார்கள். நல்ல காரியமே. ஆனால் யந்திரத்தின் இருதயமான கம்ப்ரஸருக்குச் சீனாவை எதிர்பார்த்திருக்கும் வரையில், மேற்கூடு மட்டும் சுதேசியாயிருப்பதில் பெருமைப்பட அதிகமில்லை.

மாடியில் சூரிய மின்தகடு பதித்துக்கொள்ளட்டும், 3 கிலோவாட்டுக்கு ரூ. 78,000 மானியம் தருகிறோம் என்று 2024ல் டில்லி ஒரு திட்டம் வகுத்தது. சொந்த மாடியும் கைமுதலும் உள்ளவருக்கு அது உதவும். குடிக்கூலி வீட்டில் இருப்பவருக்கு மாடி ஏது?

யந்திரத்துக்கு முன்னால் கவனிக்க வேண்டியது கூரை. நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளை இடித்துக் காங்கிரீட் போட்டோம்; வெயிலையும் உள்ளே அழைத்துக்கொண்டோம். தளத்தின் மேல் வெள்ளை பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகும். யந்திரம் உள்ள வீட்டிலும் அது ஓடும் நேரம் குறையும். தெலங்கானா சர்க்கார் 2023ல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. தேனி, கம்பம், போடி, சின்னமனூர், கூடலூர், பெரியகுளம் நகரசபைகள் தங்கள் வசமுள்ள பள்ளிக்கூடங்களின் தளங்களிலிருந்து இவ்வேலையைத் தொடங்கலாம். அடுத்த பங்குனிக்குள் முடிக்கவும் முடியும். நகரசபை அங்கத்தினர்கள் தீர்மானம் கொண்டுவரத் தயங்கினால், வார்டு தோறும் உள்ள நமது தொண்டர்கள் மகஜரில் கையெழுத்து வாங்கி அவர்கள் முன் வைக்கட்டும். மாட்டும் செலவைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டுமென்று டில்லியிடமும், 500 யூனிட்டைத் தாண்டினாலும் இரண்டாவது நூறின் சலுகை பறிபோகலாகாதென்று சென்னையிடமும் அதே மகஜரில் கேட்கலாம்.