எழுபது வயதைக் கடந்தும் பனி அகற்றும் உழவு இயந்திரம்

பழைய இயந்திரம் என்றாலே இரும்புக் கடைக்குப் போகவேண்டியது என்ற எண்ணம் இன்று எங்கும் வேரூன்றிவிட்டது. கனடாவின் ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் மிச்சிகன், மினசோட்டா மாநிலங்களிலும் உள்ள கிராமத்தவர்கள் இதனை ஏற்றுக்கொள்வதில்லை. 1947 முதல் 1952 வரை தயாரிக்கப்பட்ட ஃபோர்ட் 8என் உழவு இயந்திரத்தின் பின்புறத்தில் ஓர் இரும்புத் தகட்டைப் பூட்டி, வீட்டிலிருந்து வீதி வரையுள்ள நீண்ட பாதையின் பனியை அவர்களிற் பலர் இன்றும் அதனைக் கொண்டே அகற்றுகின்றனர்.

இம்முறை குறைகள் அற்றதன்று. தகடு பின்னால் இருப்பதால் சில்லுகள் முதலில் பனியின் மீது ஏறி அதை மிதித்து இறுக்கிவிடுகின்றன. ஓட்டுநர் கழுத்தைத் திருப்பியபடியே வேலை செய்யவேண்டும். ஹைட்ரோலிக் விசை தகட்டை உயர்த்துமேயன்றிக் கீழே அழுத்தாது; தகடு தன் பாரத்தால்தான் இறங்கும். ஆதலால் இறுகிய பனிக்கட்டியை அதனால் சுரண்டியெடுக்க இயலாது. பின்சில்லுகளுக்குச் சங்கிலி பூட்டாவிடில் இயந்திரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

இக்குறைகளுக்கெல்லாம் அனுபவம் வழி கண்டிருக்கிறது. தகட்டைச் சரித்து வைத்தால் பனி ஒரு பக்கமாக ஒதுங்கும். முற்றாகத் திருப்பிப் பூட்டினால் பின்னோக்கிச் செலுத்தியும் தள்ளலாம். கிரவல் பாதையாயின், நிலம் உறையும் வரை மெல்லிய பனிப்படலமொன்றை விட்டுவைப்பார்கள். இல்லையேல் பனியோடு கிரவலும் போய்விடும். முதற் பனியிலேயே கரைகளை வெகுதூரம் ஒதுக்கிவிடுவதும் அவசியம். பின்னர் விழும் பனிக்கு அப்போதுதான் இடமிருக்கும்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்த இயந்திரத்துக்குப் புதிய தகடொன்று எவ்வாறு பொருந்துகிறது என்பதே நாம் கவனிக்கவேண்டிய விடயம். அயர்லாந்தில் பிறந்த ஹரி ஃபெர்குசன் உருவாக்கிய மும்முனை இணைப்பே அதற்குக் காரணம். 1938 இல் அவரும் ஹென்றி ஃபோர்டும் எழுத்தில் எதுவுமின்றிக் கைகுலுக்கிச் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக, அடுத்த ஆண்டு அவ்விணைப்புடன் ஃபோர்ட் 9என் வெளிவந்தது. அந்த உறவு பின்னர் முறிந்து நீதிமன்றம் வரை சென்றது. 1952 இல் 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் ஃபெர்குசனுக்குக் கிடைத்தது. மனிதர்களின் உடன்பாடு முறிந்தாலும் இரும்பின் உடன்பாடு நிலைத்தது. மற்றைய நிறுவனங்களும் மும்முனை இணைப்பையே பின்பற்றின. அது உலகப் பொது அளவாயிற்று. ஆகவே, எவர் செய்த தகடாயினும் அதே வகை இணைப்புடையதாயின் 8என் அதனை ஏற்றுக்கொள்கிறது.

இன்றைய நிலை என்ன? புதிய உழவு இயந்திரங்கள் ஆற்றலில் பன்மடங்கு உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பழுதொன்று ஏற்பட்டால் நிறுவனத்தின் மென்பொருளின்றி அதனைக் கண்டறியவோ சரிசெய்யவோ முடியவில்லை என்பது விவசாயிகளின் நீண்டகால முறைப்பாடு. விவசாயிகளுக்குத் திருத்தும் உரிமையை வழங்கும் சட்டத்தைக் கொலராடோ மாநிலம் 2023 இல் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு இதே விடயத்தில் ஜோன் டியர் நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. பணம் கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க அனுமதி கேட்கவேண்டுமாயின், அதன் உண்மையான உரிமையாளர் யார்?

இக்கேள்வியின் பாரத்தை ஈழத்தமிழர்கள் நன்கறிவர. 1990களில் பொருளாதாரத் தடையின் மத்தியில் யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகங்கள் வராத காலத்திலும் அவற்றை ஓடவைத்தவர்கள் ஊர்த் திருத்துநர்கள். கழற்றிப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரங்களாக அவை இருந்தமையாலேயே அது சாத்தியமாயிற்று. பூட்டிய மென்பொருளோடு வந்த வாகனங்களாயின் அவை வீதியோரத்தில் துருப்பிடித்திருக்கும்.

பழையது யாவும் சிறந்தது என்பது என் வாதமன்று. அந்த இயந்திரங்கள் புரண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இல்லாமலே விற்கப்பட்டவை. பனி மூடிய சரிவில் அது உயிராபத்து. மூடிய கொட்டகைக்குள் இயக்கினால் புகையே கொல்லும். பாதுகாப்பில் புதியவை கண்ட முன்னேற்றத்தை மறுப்பது பேதைமை. ஆனால் பாதுகாப்புச் சட்டத்தைப் பொருத்துவதற்கு மென்பொருளைப் பூட்டவேண்டிய அவசியம் எதுவுமில்லை. இரண்டையும் ஒரே முன்னேற்றமாகக் காட்டி விற்பதைத்தான் நாம் ஏற்கக்கூடாது.

இன்று விற்கப்படும் இயந்திரங்களுள் எத்தனை, எழுபது ஆண்டுகளின் பின் ஒரு குளிர்காலக் காலையில் பேரப்பிள்ளைகளின் பாதையைத் துப்புரவாக்கும்? இரும்பின் தரத்தைவிட, திருத்தும் உரிமை எவர் கையில் இருக்கிறது என்பதே அதனைத் தீர்மானிக்கும்.