எங்கட படைக்குக் குதிரை இல்லையாம், அதுக்குக் கோவிக்கலாமா?

‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’ என்ற கணினி விளையாட்டு 1999இல் வந்தது. அதற்குள் தமிழ் கேட்க 2022 ஏப்ரல் 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று வெளியான ‘டைனஸ்ரீஸ் ஒஃப் இந்தியா’ என்ற விரிவாக்கத்தில் வங்காளர், கூர்ஜரர், திராவிடர் என்று மூன்று புதிய இனங்களைச் சேர்த்தார்கள். அதில் திராவிடர் படை கதைக்கிறது தமிழ். கூடவே ராஜேந்திர சோழனுக்கு என்று தனியாக ஒரு போர்க்கதையும் தந்தார்கள்.

எங்கட ஆக்கள் சந்தோசப்பட்டார்கள். ஆனால் அந்தச் சந்தோசம் ஒரு கிழமை கூடத் தாங்கவில்லை. இரண்டு முறைப்பாடுகள் கிளம்பின. ஒன்று, “ஏன் திராவிடர்? தமிழர் எண்டு போட்டால் குறைஞ்சா போயிடும்?” மற்றது, “ஏன் எங்கட ஆக்களை இவ்வளவு வீக்கா வச்சிருக்கிறாங்கள்?” இன்றைக்கும் இந்த விளையாட்டைப் பற்றி இரண்டு தமிழ்ப் பெடியள் கதைத்தால் இந்த இரண்டில் ஒன்று வந்துவிடும். என்னைக் கேட்டால் முதலாவது முறைப்பாடு நியாயமானது. இரண்டாவது பிழையானது. நாங்கள் சத்தமாகச் சொல்லுவது இரண்டாவதைத்தான்.

விளையாடாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரு இனத்தைத் தெரிவுசெய்து, மரம் வெட்டி, வயல் செய்து, கோட்டை கட்டி, படை திரட்டி எதிரியை அடிக்க வேண்டும். நான் இஞ்சினியரிங் படித்த காலத்தில் ஹொஸ்டலில் அறைக்கு அறை வயர் இழுத்து விடிய விடிய இதைத்தான் விளையாடினோம். பிரித்தானியரும் பிராங்கியரும் ஜப்பானியரும் சராசன்களும் இருந்தார்கள். எங்களைப் போல ஒருத்தரும் இல்லை. 2013இல் ‘இந்தியர்’ என்று ஒரு இனம் வந்தது. ஒட்டகத்தில் ஏறி, ஹிந்தி மாதிரிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். காபூலில் இருந்து கன்னியாகுமரி வரைக்கும் அந்த ஒட்டகம்தான். 2022இல்தான் அவர்களுக்கு ‘ஹிந்துஸ்தானியர்’ என்று பெயர் மாற்றி மற்றவர்களைப் பிரித்தார்கள்.

புதிய இனம், புதிய வீரர் வகை எது வந்தாலும் ரசிகர்கள் குழப்பம் போடுவது வழமைதான். 2011இல் ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ற்’ பண்டா கரடி முகத்தோடு ஒரு இனத்தையும், துறவி என்ற புது வீரர் வகையையும் அறிவித்தபோது பலர் கார்ட்டூன் என்று சிரித்தார்கள். 2024இல் ‘டியாப்லோ 4’ கொண்டுவந்த ‘ஸ்பிரிற்போர்ன்’ அளவுக்கு மிஞ்சின பலத்தோடு வந்துவிட்டது என்று சண்டை. பலம் கூடவா குறையவா என்பதுதான் எல்லா இடத்திலும் முதல் கேள்வி. ஆனால் வருகிற வீரன் எங்கட பாசையில் கதைத்தால் அந்தக் கேள்வி மானப் பிரச்சினையாக மாறிவிடுகிறது. படை தோற்றால் இனமே தோற்ற மாதிரி ஒரு உணர்ச்சி.

திராவிடர் படையின் குறை என்ன? குதிரை. ‘நைற்’ எனப்படும் கனமான குதிரை வீரன் அவர்களுக்குக் கிடையாது. இருக்கிற குதிரைப்படையும் சோணங்கி. திறந்த வெளியில், ஓடி ஓடி அடிக்கிற வரைபடங்களில் அதனால் அடி வாங்குவார்கள். கடல் உள்ள வரைபடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே இவர்கள் பயப்பட வைக்கிற எதிரி.

இதை அவமானம் என்று சொல்லுகிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கட அரசர்களுக்குக் குதிரை எங்கே இருந்து வந்தது? பட்டினப்பாலை புகார் துறைமுகத்தில் வந்து இறங்கிய பொருட்களைச் சொல்லும்போது குதிரையையும் சொல்கிறது. கடல் வழியாக வந்த குதிரை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் வருசா வருசம் பெருந்தொகைப் பணத்தைக் குதிரைக்குக் கொட்டுவதையும், வந்த குதிரைகள் இங்கே பராமரிப்பு இல்லாமல் செத்துப்போவதையும் எழுதிவைத்திருக்கிறார். மாணிக்கவாசகர் கதையைச் சின்ன வயதில் கேட்காத ஆள் யார்? பாண்டியன் குதிரை வாங்கத்தானே அவரைக் காசோடு அனுப்பினான். நரி பரியான கதைக்குப் பின்னால் குதிரை இறக்குமதி என்ற வரலாறு இருக்கிறது. எங்கட நிலமும் வெக்கையும் குதிரை வளர்க்கத் தோதானவை அல்ல. அதை விளையாட்டுச் செய்தவர்கள் படித்திருக்கிறார்கள். நாங்கள்தான் படிக்கவில்லை.

குதிரைக்குப் பதிலாக என்ன தந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கப்பல், மீன்பிடி, காலாள், யானை. ‘வூற்ஸ் ஸ்ரீல்’ என்று ஒரு தொழில்நுட்பம். அதை எடுத்தால் எதிரியின் கவசம் எங்கட வாளுக்கு முன்னால் செல்லாது. வூற்ஸ் என்பது தென்னிந்தியாவில் உருக்கி மேற்காசியா வரை போன உருக்கு. இரும்பும் உருக்கும் செய்த தடயங்கள் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. 1025இல் ராஜேந்திரன் கடாரத்துக்குப் போனது குதிரையில் அல்ல.

நான் இருக்கிறது சென் ஜேம்ஸ் ரவுணில். 80களிலும் 90களிலும் வந்த எங்கட சனம் கனபேர் முதலில் பெட்டியை இறக்கி வைத்த அடுக்குமாடிகள். பிறகு ஸ்காபரோ, மார்க்கம் என்று போய்விட்டார்கள். மிச்சம் கொஞ்சப் பேர் இருக்கிறோம். எங்கட கட்டிடத்தில் பதினாலு வயதுப் பெடியன் ஒருவன், இங்கே பிறந்தவன். திராவிடரை எடுத்துப் பிராங்கியரின் குதிரைப்படையிடம் மூன்று தடவை தோற்றுவிட்டு, “அங்கிள், எங்கட ஆக்கள் யூஸ்லெஸ்” என்றான். நான் அவனுக்கு மாணிக்கவாசகர் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். “அப்ப ஹோர்ஸ் எல்லாம் இம்போர்ட்டா?” என்று சிரித்தான். தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று நிற்கிற பெடியன் தமிழ்நாட்டு வரலாறு கேட்டது, படை தோற்றதால்தான். எல்லாவற்றிலும் வெல்லுகிற படையாக இருந்திருந்தால் அவனுக்கு ஒரு கேள்வியும் வந்திருக்காது.

ஒரு மென்பொருள்காரனாக இன்னொன்று சொல்லலாம். குறை இல்லாத படையை வைத்து விளையாட்டுச் செய்ய ஏலாது. ஈட்டி குதிரையைக் குத்தும், அம்பு ஈட்டிக்காரனை விழுத்தும், குதிரை அம்புக்காரனை மிதிக்கும். இந்தச் சமநிலை உடைந்தால் ஒருத்தரும் விளையாடமாட்டார்கள். திராவிடர் அளவுக்கு மீறிப் பின்தங்கிய இடங்களைப் பிறகு வந்த அப்டேற்றுகளில் திருத்தியும் இருக்கிறார்கள். இலக்கங்களைத் திருத்துவது சுகம்.

பெயரைத் திருத்துவதுதான் கஷ்டம். ‘திராவிட’ என்ற பழைய சொல்லை மொழிக்குடும்பத்தின் பெயராக நிலைநிறுத்தியது 1856இல் வந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூல். தமிழ்நாட்டில் பிறகு அது அரசியல் பெயரானது. ஈழத்தில் எங்கட வீடுகளில் தன்னைத் திராவிடன் என்று அறிமுகப்படுத்தின ஆளை நான் கண்டதில்லை. சோழரும் சாளுக்கியரும் தலைமுறை தலைமுறையாக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டவர்கள். கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் இதே பெயருக்குள்தான், ஆனால் படை கதைப்பது தமிழ் மட்டும். இது மற்றவர்களுக்கும் நியாயம் இல்லை. இந்தப் படையின் சிறப்பு வீரனுக்கு ‘உருமி’ என்று பெயர். சுருள் வாளுக்குக் கேரளத்துப் பெயர் அது. எங்களுக்கு உறுமி என்றால் மேளம்!

கனடாவில் எங்களுக்கு இந்தப் பிரச்சினை புதிது அல்ல. படிவங்களில் ‘தென்னாசியர்’ என்ற பெட்டிக்குள் எங்களைப் போட்டார்கள். நாங்கள் தமிழர் என்று கேட்டுக் கேட்டு, 2016இல் கனேடிய நாடாளுமன்றம் தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. சத்தம் போட்டதால் மட்டும் அது வரவில்லை. ஆதாரத்தோடும் ஆட்களோடும் கேட்டதால் வந்தது. விளையாட்டு உலகத்திலும் நடக்கக்கூடியதுதான். 2025இல் வந்த ‘சிவிலைசேஷன் 7’ சோழரைச் சோழர் என்றே போட்டிருக்கிறது.

இன்னொரு விசயம் எங்களுக்குள்ளேயே கதைக்க வேண்டும். ராஜேந்திரன் வென்ற இடங்களில் இலங்கையும் ஒன்று. 1017இல் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனார்கள்; அவன் அங்கேயே செத்தான். பிள்ளைகள் இதை விளையாடும்போது வெற்றியை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாதிக் கதைதான் போகும். படையெடுப்பின் மற்றப் பக்கத்தில் நிற்பது எப்படி என்று எங்களைவிட ஆருக்குத் தெரியும்?

ரசிகர்களின் கோபத்துக்கு மரியாதை இல்லை என்று நான் சொல்லவில்லை. 2013இல் அந்த ‘இந்தியர்’ வந்தது ரசிகர்கள் தாங்களாகவே செய்த ஒரு மேலதிகப் பதிப்பில் இருந்து. பிறகு நிறுவனம் அதை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டது. அந்த ரசிகர்கள் தொடங்கிய ‘ஃபொர்கொட்டன் எம்பயர்ஸ்’தான் 2022இல் திராவிடரையும் செய்தது. முறைப்பாடு சொன்னவர்கள் செய்கிறவர்களாக மாறினார்கள். ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் பெரிய விளையாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. எங்கட பிள்ளைகளில் கோட் எழுதக்கூடியவர்களுக்கும், படம் கீறக்கூடியவர்களுக்கும் பஞ்சம் இல்லை. வரலாறும் தமிழும் ஒழுங்காகத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

ஆகவே அடுத்த தடவை உங்கட மகனோ மருமகளோ “எங்கட ஆக்கள் வீக்” என்று சொன்னால், விளையாடினது போதும் என்று கொம்பியூட்டரை நிப்பாட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருங்கள். குதிரை ஏன் இல்லை என்று கேளுங்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால் இரண்டு பேருமாகத் தேடிப் படியுங்கள். தமிழர் என்ற பெயரைக் கேட்டு எழுதவேண்டிய கடிதத்தை, அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையே நல்லா எழுதும்.