பழைய வண்டிக்குப் பழைய ரயர் வேண்டாம்

யாழ்ப்பாணத்தின் பண்ணைப் பாலத்தில் ஏறும் மோட்டார் சைக்கிள் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை கடந்து, வாணர் பாலத்தையும் தாண்டிப் புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர்கிறது. பரவைக்கடலை ஊடறுத்துப் போகும் அந்தப் பாலங்களில் வளைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. இந்த வீதியில் ஓடியே பழகிய வண்டியின் ரயரைக் குனிந்து பார்த்தால் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருக்கும். ஓரங்களில் பள்ளக்கோடுகள் புதிதுபோலவே இருக்கும். அதைக் காட்டி, இன்னும் ஒரு வருசம் ஓடலாம் என்பார் வண்டிக்காரர்.

ஓடக்கூடாது.

மோட்டார் சைக்கிள் ரயரை உருண்ட முகத்தோடு செய்வதற்குக் காரணம் உண்டு. இருசில்லு வண்டி சரிந்துதான் திரும்பும். சரியும்போது தரையில் படுவது ரயரின் ஓரம். நடு தட்டையானால் தட்டைக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு விளிம்பு விழுந்துவிடுகிறது. பாலத்தில் நேரே போகும்வரை அது தெரியாது. வங்களாவடிச் சந்தியில் திரும்பும்போது வண்டி முதலில் சரிய மறுக்கும், பிறகு விழுவதுபோலச் சட்டென்று சரியும். ஓட்டுபவர் பதறிப்போய் பிறேக்கைப் பிடிப்பதும் அந்தக் கணத்தில்தான்.

தீவகத்தில் இது சிறுபான்மையோரின் பொழுதுபோக்குப் பிரச்சினை அல்ல. யாழ்ப்பாணத்தாரும் தீவாரும் ஹொண்டா சிடி 125, சிடி 200, சி 90 போன்ற வண்டிகளையும், ஜப்பானில் தபால்காரர்கள் ஓட்டிய எம்டி 90 வகையையும் பல ஆண்டுகளாகக் கட்டிக் காத்து வருகிறார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் தட்டுப்பாட்டால், அதில் சில துளி மட்டும் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் இங்கே இருந்தன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வண்டிகளுக்கு மதிப்பு இன்னும் ஏறியது. இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவதிலும், தாங்கிக்குப் பழைய நிறத்திலேயே வர்ணம் அடிப்பதிலும் இங்குள்ள கராஜ்காரரின் கைவண்ணம் பெருமைக்குரியது. அதே அக்கறை சில்லுக்குக் கீழே இறங்கவில்லை என்பதே குறை.

ரயரின் வயதைப் பக்கச்சுவரே சொல்கிறது. நீள்வட்டத்துக்குள் அச்சான கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்தால் போதும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. பேச்சே இல்லாமல் கழற்ற வேண்டியது. ஐந்து வருடமானால் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து வருடமானால் பள்ளக்கோடு எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது பெரிய தயாரிப்பாளர்கள் சிலர் தரும் அறிவுரை. வெய்யிலும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் அந்தப் பத்து வருடத்தை நம்பி இருப்பதும் தவறு.

நிறுத்தி வைத்த வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம். றப்பரை ஓசோன் வெடிக்கச் செய்யாமலிருக்க ரயர் கலவையில் ஒருவகை மெழுகைச் சேர்க்கிறார்கள். சில்லு சுழன்று ரயர் நெளியும்போது அது மேற்பரப்புக்கு வந்து காப்புப் படலமாகிறது. ஓடாத வண்டியில் இது சரிவர நடப்பதில்லை. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும், றப்பர் இறுகும். இறுகிய றப்பரால் வீதியின் சிறு மேடுபள்ளங்களில் பதிந்து பிடிக்க முடியாது. ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் உறவுகள் வரும்போது, புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் ஆண்டு முழுதும் சாக்கால் மூடிக் கிடந்த அப்பாவின் வண்டி வெளியே வருகிறது. காற்றடித்து, பெற்றோல் விட்டு, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு இறங்குதுறைக்குப் புறப்படுகிறார்கள். அந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தையல்ல, அந்த நான்கு இலக்கங்களை.

நெடுந்தீவுக்குப் படகில் ஏற்றப்படும் வண்டிகளுக்கு இன்னொரு கேடும் உண்டு. தெறிக்கும் கடல்நீர் கம்பிகளின் துவாரம் வழியாக இரும்பு றிம்மின் உட்புறத்துக்குள் போகிறது. அங்கே துரு செதில் செதிலாக எழும்பி, றிம் பட்டியைத் தின்று, ரியூப்பை அறுக்கிறது. ரியூப் போட்ட பழைய ரயரில் காற்று மெல்ல இறங்காமல் ஒரேயடியாகப் போய்விடுவதும் உண்டு. முன்சில்லில், வளைவில் அது நடந்தால் விழுவதைத் தவிர வழியில்லை. எனவே ரயர் மாற்றும்போது றிம்மை உரோஞ்சித் துப்புரவாக்கி, பட்டியையும் ரியூப்பையும் புதிதாகப் போட வேண்டும். ஒட்டுப் போட்ட ரியூப்பைப் புதிய ரயருக்குள் திணிப்பது வீண் சிக்கனம்.

அகலமான ரயர் போட்டால் பிடிமானம் கூடும் என்ற நம்பிக்கை இளைஞர்களிடம் வேரூன்றியிருக்கிறது. ஒடுங்கிய றிம்மில் அகல ரயரைப் பூட்டினால் பக்கங்கள் உள்ளே இழுபட்டு அதன் முகத்தின் வடிவமே மாறிவிடும். வண்டி திரும்பச் சோம்பும், மட்காட்டிலும் உரசும். பழைய வண்டிகளின் அளவு அங்குலத்தில் இருக்கிறது: 2.75-18 என்றால் அகலம் 2.75 அங்குலம், றிம் விட்டம் 18 அங்குலம். அதற்கு ஈடாக இப்போது 80/100-18 என்று மில்லிமீற்றரில் வருகிறது. இந்தியாவின் அன்றாட வண்டிகள் பல 17, 18 அங்குலச் சில்லுகளில்தான் ஓடுகின்றன. ஆகவே அளவு கிடைக்கவில்லை என்ற சாட்டு பல வண்டிகளுக்குச் செல்லாது.

ஒரு நல்ல ரயர் என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு தீவே சாட்சி. 1969இல் மான் தீவுப் பந்தயத்தில் மல்கம் அப்ஹில் என்ற வீரர் கடையில் விற்கும் வகையான ட்ரையம்ப் பொனவில் வண்டியில் மணிக்கு 100 மைல் சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். அவர் பூட்டியிருந்தது டன்லப் கே81. சரியும்போது கூடுதல் றப்பர் தரையில் படும்படி முக்கோணச் சாயலில் செய்யப்பட்டது அது. அந்த வெற்றிக்குப் பிறகே அதற்கு டிடி100 என்று பெயர் வந்தது. வேகம் இங்கே பொருட்டல்ல. முகத்தின் வடிவமே பிடிமானத்தைத் தீர்மானிக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு நல்ல ரயரும் கணக்கை மீறாது. 30 மீற்றர் ஆரையுள்ள வளைவை மணிக்கு 40 கிலோமீற்றரில் எடுத்தால் வண்டி ஏறத்தாழ 23 பாகை சரிய வேண்டும். 50இல் எடுத்தால் 33 பாகை. வேகம் கால்பங்குதான் கூடியது. ரயரிடம் கேட்கும் பிடிமானமோ பாதிக்கும் மேலாகக் கூடிவிட்டது. நெடுந்தீவின் உள்வீதிகளில் மணலும் சுண்ணக்கல் பொடியும் கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லா வீதியும் வழுக்கும். பிறேக் பிடிக்கவும் திரும்பவும் ஒரே பிடிமானம்தான் இருக்கிறது. ஆகவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். புதிய ரயரின் மேற்பரப்பும் வழுவழுப்பானது. முதல் நூறு கிலோமீற்றருக்கு அதை மெதுவாகவே சரித்துப் பழக்க வேண்டும்.

பொறுப்பு முழுவதையும் ஓட்டுபவர் தலையில் கட்டிவிடவும் முடியாது. ஆசியாவிலேயே முதன்முதலில், 1876இல், றப்பர் கன்றுகள் வேரூன்றியது கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில். அப்படித் தொடங்கி இன்று ரயர் ஏற்றுமதியும் செய்யும் இந்த நாட்டில், கடை அலமாரியில் ஆண்டுக்கணக்காகக் காய்ந்து இறுகிய ரயரைப் புதியது என்று விற்பது நியாயமல்ல. மருந்துக்கும் பால்மாவுக்கும் திகதி பார்க்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தயாரித்த ஆண்டை விலைச்சீட்டில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதும்படி ரயர்க் கடைகளைப் பணிக்க வேண்டும். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு பிரதேச சபைகள் மாரிக்கு முன்னர் தங்கள் வீதி வளைவுகளில் குவிந்த மணலை அகற்ற வேண்டும். அதுவரை, கடைக்குப் போகிறவர்கள் பணத்தைக் கொடுக்குமுன் ரயரை உருட்டி அந்த நான்கு இலக்கங்களை வாசியுங்கள். பழையதென்றால் வாங்காமல் திரும்புங்கள்.